1500 வாட் ராடு, 5.6 ஆம்ப், மூன்று விதமான விடை: எந்த வோல்டேஜைப் போட்டுக் கணக்குப் பார்ப்பது?

#1 மழைக்கால்

வாளியில் போட்டு வெந்நீர் காய வைக்கும் ராடு. கைப்பிடியில் 230 வோல்ட், 1500 வாட் என்று அச்சடித்திருக்கிறது. 20 லிட்டர் வாளி காய அரை மணி நேரம் ஆகிறது. எடுத்த அளவுகள் இவை:

பிளக்கைக் கழற்றி, இரண்டு பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரில் 35.9 ஓம்.
ராடைச் செருகுவதற்கு முன் சாக்கெட்டில் 214 வோல்ட்.
ராடு ஓடும்போது கிளாம்ப் மீட்டரில் 5.6 ஆம்ப்.

வோல்ட்டை ஆம்பால் வகுத்தால் 214 ÷ 5.6 = 38.2 ஓம். மீட்டரோ 35.9 என்கிறது. வாட் கணக்கு இன்னும் குழப்பம். வோல்ட் × ஆம்ப் என்றால் 1198. வோல்ட் × வோல்ட் ÷ ஓம் என்றால் 1276. ஆம்ப் × ஆம்ப் × ஓம் என்றால் 1126. மூன்றும் ஒரே சூத்திரத்தின் மூன்று உருவம் என்றுதான் பாடத்தில் இருக்கிறது. இதில் எது பொய் சொல்கிறது?

#2 இரண்டரை_ஸ்கொயர்

சூத்திரம் பொய் சொல்லலை. நீங்க போட்ட எண்கள் ஒரே நேரத்தில் எடுத்தது இல்லை, அவ்வளவுதான். 214 என்பது ராடு ஓடாதப்ப இருந்த வோல்டேஜ். 5.6 என்பது ஓடுறப்ப போன கரண்ட். ராடை ஆன் பண்ணின உடனே சாக்கெட் வோல்டேஜ் இறங்கியிருக்கும். அந்த இறங்கின வோல்டேஜ்தான் ராடுக்குக் கிடைச்சது.

மூணு விடையில 1126 தான் உண்மைக்குக் கிட்ட இருக்கு, ஏன்னா அதுல வோல்டேஜே கிடையாது.

ராடு தண்ணிக்குள்ள இருக்கணும், ஓடிக்கிட்டு இருக்கணும். அதே போர்டில், அதே வயரில் இருந்து லூப் எடுத்த பக்கத்து சாக்கெட் இருந்தா அதில் மீட்டர் முனையை வச்சுப் பாருங்க. ராடு ஓடுறப்ப எவ்வளவு, ஆஃப் பண்ணினதும் எவ்வளவு. இதை மூணு தரம் மாத்தி மாத்தி எடுங்க. தெருவில் வேற யாராவது மோட்டார் போட்டாலும் நாலஞ்சு வோல்ட் ஆடும். ஒரே ஒரு தரம் எடுத்தா அது உங்க ராடு இறக்கினதா, பக்கத்து வீட்டு மோட்டார் இறக்கினதான்னு பிரிக்க முடியாது.

#3 கை_மீட்டர்

மேலே சொன்னதோடு மூன்று விஷயம்.

ஓம் பார்க்கும்போது இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்து என்ன காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். சாதாரண மீட்டரில் 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டும். அது மீட்டர் வயரின் சொந்தத் தடை. 0.3 காட்டினால் உங்கள் ராடு 35.9 இல்லை, 35.6.

கிளாம்ப் மீட்டரை ராடின் முழு வயர் மீது மாட்டினால் பூஜ்யம்தான் வரும். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். 5.6 வந்திருக்கிறது என்றால் ஒற்றை வயரைப் பிரித்துத்தான் எடுத்திருக்கிறீர்கள், சரி. கரண்ட் சின்னதாக இருந்தால் அந்த ஒற்றை வயரைக் கிளாம்ப் வாய்க்குள் 10 சுற்று சுற்றி, வரும் எண்ணை 10ஆல் வகுங்கள்.

மீட்டரின் சிவப்பு முனை 10 ஆம்ப் துளையில் இருக்கும்போது அதை சாக்கெட்டில் வைக்கவே கூடாது. அந்தத் துளைக்கு உள்ளே இருப்பது கிட்டத்தட்ட நேர் கம்பி. வோல்டேஜ் பார்ப்பதாக நினைத்து ஃபேஸையும் நியூட்ரலையும் ஷார்ட் செய்வதுதான் அது. ஓம் நிலையில் வைத்து சப்ளை உள்ள இடத்தைத் தொடுவதும் மீட்டருக்குக் கேடு. வீட்டு வயரிங்குக்கு மீட்டர் மீது கேட்-3 (CAT III என்ற பாதுகாப்புத் தரம்) என்று போட்டிருக்க வேண்டும்.

#4 பச்சை_சுவிட்ச்

எனக்கு ஒரு சந்தேகம். வோல்டேஜ் குறைந்தால் ஆம்ப் கூடும் என்றுதானே சொல்வார்கள்? 1500 வாட் ராடு 214 வோல்டில் 7 ஆம்ப் அல்லவா இழுக்க வேண்டும்? 5.6 தான் வருகிறது என்றால் ராடே பாதி போய்விட்டது போல.

#5 மோட்டார்_சுருள்

மோட்டாருக்குப் பொருந்துவதை ராடுக்குப் பொருத்திப் பார்க்கிறீர்கள்.

ராடு, அயர்ன் பாக்ஸ், கீசர் எல்லாம் வெறும் கம்பிதான். அதற்கு மாறாமல் இருப்பது ஓம். வாட் மாறும். வோல்டேஜ் இறங்கினால் ஆம்பும் சேர்ந்து இறங்கும், வாட் அதன் வர்க்கத்தில் இறங்கும். 230இல் 1500 என்றால் 214இல் 0.93 × 0.93, அதாவது 86.6 சதவீதம், சுமார் 1300 வாட். 190 வோல்டுக்கு வந்தால் 1024 தான்.

மோட்டார் வேறு ஜாதி. தண்ணீரை மேலே தள்ளும் வேலை அப்படியே இருக்கிறது, அந்த வேலைக்கு உரிய வாட்டை எப்படியாவது இழுக்கப் பார்க்கும். வோல்டேஜ் இறங்கினால் ஆம்ப் ஏறும், காயில் (கம்பிச் சுருள்) சூடாகும். லோ வோல்டேஜில் மோட்டார் எரிவதும், அதே லோ வோல்டேஜில் ராடு சோம்பேறியாக ஓடுவதும் இதனால்தான். கம்ப்யூட்டர், செல்போன் சார்ஜர் மாதிரி உள்ளே மின்னணு சப்ளை உள்ளவையும் மோட்டார் கட்சிதான்.

இன்னொன்று. மோட்டார் காயிலை மல்டிமீட்டரில் பார்த்து 230ஐ வகுத்துவிடாதீர்கள். 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் ரன்னிங் காயில் 4 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 ÷ 4 = 57 ஆம்ப். ஆனால் ஓடும்போது போவது 7 ஆம்ப் அளவுதான். சுருளின் காந்த விளைவும், ரோட்டர் சுற்றுவதால் எதிர்த்து உண்டாகும் வோல்டேஜும் மீதியைத் தடுத்துவிடுகின்றன. அந்த 4 ஓம் எதற்கு உதவும் என்றால், 7 × 7 × 4 = 196 வாட் தாமிரக் கம்பியில் வெறும் சூடாகப் போகிறது என்று சொல்ல உதவும். கம்பியின் ஓம் கம்பிக்குள் வரும் சூட்டை மட்டும்தான் சொல்லும், மோட்டார் இழுக்கும் மொத்தத்தைச் சொல்லாது.

#6 மழைக்கால்

முனைகளைத் தொட வைத்தால் 0.3 காட்டுகிறது. ஆக ராடு 35.6 ஓம். பக்கத்து சாக்கெட்டில் மூன்று முறை எடுத்தேன். ராடு ஆஃப்: 214, 214, 213. ராடு ஆன்: 201, 201, 200. ஆம்ப் அதே 5.6.

#7 இரண்டரை_ஸ்கொயர்

201 ÷ 5.6 = 35.9 ஓம். குளிர்ந்து இருக்கறப்ப 35.6, சூடானா 35.9. ராடுக்குள்ள இருக்கற நிக்ரோம் கம்பியோட தடை சூட்டுல அவ்வளவா மாறாது, ஒண்ணு ரெண்டு சதவீதம்தான். பொருந்துது. 230இல் 1500 வாட்டுக்கு வரவேண்டியது 35.3 ஓம். சூடாக்கற சாமான்ல வாட் 5 சதவீதம் கூடவும் 10 சதவீதம் குறையவும் தரவிதியிலேயே இடம் இருக்கு. ராடு மேல குத்தமே இல்ல. இப்ப அது எடுக்கறது 201 × 5.6 = 1126 வாட். முதல் பதிவுல வந்த மூணாவது விடையேதான்.

ஆனா எனக்கு உறுத்துறது ராடு இல்ல, அந்த 13 வோல்ட். 5.6 ஆம்புக்கு 13 வோல்ட் இறங்குதுன்னா வர்ற வழியில 13 ÷ 5.6 = 2.3 ஓம் உட்கார்ந்திருக்கு. அந்த 2.3 ஓமும் ஒரு ஹீட்டர்தான். 13 × 5.6 = 73 வாட். எங்கேயோ சுவத்துலயோ கம்பத்துலயோ 73 வாட் சூடாகிட்டு இருக்கு.

மெயின் போர்டுல, எம்.சி.பி.க்கு (கரண்ட் கூடினா தானா விழற சுவிட்ச்) கீழ, ராடு ஆன், ஆஃப் ரெண்டுலயும் வோல்டேஜ் எடுங்க. போர்டுல இருந்து அந்த சாக்கெட்டுக்கு எத்தனை மீட்டர் வயர், என்ன ஸ்கொயர்னு (கம்பியோட குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டர்ல) சொல்லுங்க. போர்டைத் திறந்து பழக்கம் இல்லைன்னா ஒரு எலக்ட்ரீஷியனை வச்சு எடுங்க, அங்க எல்லாமே உயிரோட இருக்கும்.

#8 ஆய்வகம்_3

போர்டைத் திறக்காமலே ஒரு சரிபார்ப்பு உண்டு. மின்வாரிய டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று எழுதியிருக்கும், உதாரணமாக 3200. வீட்டில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ராடை மட்டும் ஓட விடுங்கள். ஒரு மின்னலைப் பூஜ்யமாக வைத்து 20 மின்னலுக்கு எத்தனை வினாடி என்று எடுங்கள்.

வாட் = 36,00,000 × மின்னல்களின் எண்ணிக்கை ÷ (3200 × வினாடி)

36,00,000 எங்கிருந்து வந்தது என்றால், ஒரு யூனிட் என்பது 1000 வாட் 3600 வினாடி ஓடுவது. இந்த மீட்டர் பவர் ஃபேக்டரையும் (வோல்ட் × ஆம்பில் உண்மையில் வாட் ஆகும் பங்கு) கணக்கில் எடுத்தே எண்ணும். ஆகவே கை மீட்டரை விட இதை நம்பலாம்.

அளவீட்டுப் பிழையையும் மனதில் வையுங்கள். வோல்டில் 1 சதவீதம், ஆம்பில் 2 சதவீதம் பிழை என்றால் பெருக்கினாலும் வகுத்தாலும் விடையில் 3 சதவீதம் வரை போகலாம். வோல்டை வர்க்கம் எடுத்தால் வோல்டின் பிழை இரட்டிக்கும். 1126 என்று நாலு இலக்கம் எழுதினாலும் அது உண்மையில் 1090க்கும் 1160க்கும் நடுவே எங்கோ இருக்கிறது. 13 வோல்ட் இறக்கத்தில் அந்தப் பிரச்சினை குறைவு. ஒரே மீட்டரில் எடுத்த இரண்டு எண்களின் வித்தியாசம் என்பதால் மீட்டரின் சாய்வு பெரும்பாலும் கழிந்துவிடும்.

#9 பச்சை_சுவிட்ச்

நடுவில் ஒரு கேள்வி. அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்பை ஓமில் பார்த்தால் 65 காட்டுகிறது. 230 × 230 ÷ 65 = 814 வாட். இது மட்டும் ஏன்?

#10 கை_மீட்டர்

பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன், நிக்ரோம் மாதிரி அமைதியான கம்பி இல்லை. எரியும்போது இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் போகும், தடை பதின்மூன்று பதினாலு மடங்காகும். எரியும் பல்புக்கு 230 × 230 ÷ 60 = 882 ஓம். 65 என்பது தூங்கும் பல்பின் ஓம். அந்த 814 வாட் பொய் இல்லை, சுவிட்ச் போட்ட அந்தக் கணத்தில் அதுதான் பாய்கிறது. குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே ஃபியூஸ் ஆனது ஏன் என்பதற்கும் அதுதான் விடை.

எல்.இ.டி. பல்பை ஓமில் பார்ப்பதில் அர்த்தமே கிடையாது. அதில் வோல்ட் × ஆம்ப் கூட வாட் ஆகாது. 9 வாட் பல்பின் பவர் ஃபேக்டர் 0.5 என்றால் கரண்ட் 0.078 ஆம்ப் போகும். 230 × 0.078 = 18. அதில் பாதிதான் வாட். ட்ரூ ஆர்.எம்.எஸ். (அலையின் வடிவம் எதுவானாலும் சரியாக அளக்கும் வசதி) இல்லாத மீட்டர் என்றால் அந்த 0.078 கூடத் தப்பாக வரும். ராடுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதனால்தான் ஓம் விதியைப் பழக ராடு நல்ல பிள்ளை.

12 வோல்டில் ஒற்றை எல்.இ.டி. எரிய வைப்பவர்களும் மழைக்கால் செய்த அதே தவறைச் செய்வார்கள். 20 மில்லி ஆம்ப் வேண்டும், 12 ÷ 0.02 = 600 ஓம் என்று போடுவார்கள். எல்.இ.டி. தன் பங்குக்கு 3.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். ரெசிஸ்டரின் இரண்டு முனைக்கு நடுவே இருப்பது 8.8 வோல்ட். 8.8 ÷ 0.02 = 440, கடையில் கிடைப்பது 470. அதில் போவது 18.7 மில்லி ஆம்ப், சூடு 0.165 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், அரை வாட் போட்டால் கை சுடாது.

#11 மழைக்கால்

எலக்ட்ரீஷியன் எடுத்துக் கொடுத்தது: மெயின் போர்டில் ராடு ஆஃப் 214, ஆன் 210. போர்டிலிருந்து சாக்கெட்டுக்கு சுமார் 15 மீட்டர், ஒன்றரை ஸ்கொயர் காப்பர். மீட்டரில் 3200 என்று போட்டிருக்கிறது. 20 மின்னலுக்கு 19 வினாடி.

#12 ஆய்வகம்_3

36,00,000 × 20 ÷ (3200 × 19) = 1184 வாட். மெயின் போர்டில் 210 × 5.6 = 1176. ஒத்துப்போகிறது. ராடுக்குச் சேருவது 1126. மீதி 50 வாட் வீட்டுச் சுவருக்குள் போகிறது, அதற்கும் யூனிட் ஓடுகிறது.

#13 இரண்டரை_ஸ்கொயர்

இப்ப பிரிச்சுடலாம்.

கம்பத்துல இருந்து மெயின் போர்டு வரை 4 வோல்ட். 4 ÷ 5.6 = 0.7 ஓம். நல்ல சர்வீஸுக்கு இது கூடுதல்தான், ஆனா நீளமான லைன்னா வரும். அது வாரியத்து வேலை, விட்டுடுங்க.

போர்டுல இருந்து சாக்கெட் வரை 9 வோல்ட். ஒன்றரை ஸ்கொயர் பல இழை காப்பர் வயர் கிலோமீட்டருக்கு 13.3 ஓம். 15 மீட்டர் போய் 15 மீட்டர் திரும்பணும், 30 மீட்டர். இதைத்தான் நிறைய பேர் மறக்கறாங்க. 30 × 0.0133 = 0.4 ஓம். 0.4 × 5.6 = 2.2 வோல்ட். 9 வோல்ட்ல 2.2 தான் வயருக்கு உரியது. மீதி 6.8 வோல்ட் வயர்ல இல்ல, ஏதோ ஒரு புள்ளியில உட்கார்ந்திருக்கு. 6.8 × 5.6 = 38 வாட்.

38 வாட் என்ன பெரிசான்னு கேக்காதீங்க. ஈயம் பத்த வைக்கிற சால்டரிங் அயன் 25 வாட். அதைவிடப் பெரிய ஒண்ணை பி.வி.சி. பைப்புக்குள்ள சொருகி வச்ச மாதிரி. எம்.சி.பி. இதுக்கு விழாது, ஏன்னா கரண்ட் கூடலை, குறைஞ்சிருக்கு. கசிவைக் கண்டு விழற ஆர்.சி.சி.பி.யும் விழாது, லீக்கேஜ் இல்லை. கெட்ட ஜாயிண்டை இந்த ரெண்டும் கண்டுபிடிக்காது, வோல்ட்டும் ஆம்பும்தான் கண்டுபிடிக்கும்.

அந்த சாக்கெட்ல இனி ராடு போடாதீங்க, இந்த ஒரு சோதனையைத் தவிர.

ஃபேஸ் பக்கமா நியூட்ரல் பக்கமான்னு சுலபமா பிரிக்கலாம். வீட்டுல மத்த எல்லாத்தையும் நிறுத்துங்க. ராடு ஓடறப்ப மெயின் போர்டுல நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எவ்வளவு, அப்புறம் சாக்கெட்ல நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எவ்வளவு. எர்த் வயர்ல கரண்ட் ஓடலைங்கறதால அது நல்ல அளவுகோல். போர்டுல 2 வோல்ட் மாதிரி வரும். நியூட்ரல் வயர் நல்லா இருந்தா அதன் பங்கு 1.1 வோல்ட்தான், சாக்கெட்ல 3 சுத்தி வரணும். 9, 10ன்னு வந்தா கோளாறு நியூட்ரல்ல. 3தான் வருதுன்னா ஃபேஸ் பக்கம்: சுவிட்ச் காண்டாக்ட், எம்.சி.பி. ஸ்க்ரூ, சாக்கெட் டெர்மினல்.

ஒரே நிமிஷத்துல எடுத்துட்டு ஆஃப் பண்ணிடுங்க.

#14 மோட்டார்_சுருள்

இரண்டரை அண்ணன் சொன்னதில் ஒரு சின்ன சேர்க்கை. இந்த ஜாயிண்டை மல்டிமீட்டர் ஓமில் தேடாதீர்கள். ஜாயிண்டின் தடை 6.8 ÷ 5.6 = 1.2 ஓம்தான், அதோடு மீட்டர் முனை வயரின் 0.3 ஓமும் சேர்ந்துகொள்ளும். அது போக, மீட்டர் அனுப்பும் கரண்ட் மில்லி ஆம்ப் அளவு. கருகிய ஜாயிண்ட் அந்தச் சின்ன கரண்டுக்கு ஒரு ஓம் காட்டும், 5.6 ஆம்புக்கு வேறு காட்டும். நிஜமான கரண்டை ஓட விட்டு, இரண்டு முனைக்கு நடுவே நிஜமான வோல்ட்டை எடுத்து வகுப்பதுதான் வழி. ரீவைண்டிங்கில் ஒரு ஓமுக்குக் கீழான காயிலை இப்படித்தான் பார்க்கிறோம்: டி.சி.யில் 1 ஆம்ப் ஓட்டி, காயில் முனையிலேயே தனி வயரில் மில்லிவோல்ட் எடுத்தால் 250 மில்லிவோல்ட் என்பது அப்படியே 0.25 ஓம்.

#15 மழைக்கால்

நியூட்ரல்–எர்த்: போர்டில் 2, சாக்கெட்டில் 9.8.

எம்.சி.பி.யை இறக்கிவிட்டுத் திறந்ததில், சுவிட்ச் போர்டுக்கு மேலே உள்ள ஜங்ஷன் பாக்ஸில் நியூட்ரல் ஜாயிண்ட். இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது. டேப் உருகி, கம்பி கறுத்து, இழைகளில் பாதி ஒடிந்திருக்கின்றன. பக்கத்து ஃபேஸ் வயரின் தோலும் பழுப்பு.

#16 இரண்டரை_ஸ்கொயர்

கறுத்த கம்பியைச் சுரண்டி மறுபடி முறுக்க வேண்டாம். பளபளன்னு தாமிரம் தெரியற இடம் வரைக்கும் ரெண்டு பக்கமும் வெட்டுங்க. நீளம் பத்தலைன்னா இடையில புது வயர் போட்டு, ரெண்டு ஜாயிண்டும் பாக்ஸுக்குள்ளயே வர்ற மாதிரி பண்ணுங்க, பைப்புக்குள்ள ஜாயிண்ட் கூடாது. ஸ்க்ரூ கனெக்டர் போடுங்க, ஒரு இழையும் வெளிய தொங்கக் கூடாது, இறுக்கினப்புறம் இழுத்துப் பாருங்க. பழுப்பான ஃபேஸ் வயரையும் மாத்தணும், அந்தத் தோல் இனி உடையும். முடிஞ்சா அந்த லைனையே இரண்டரை ஸ்கொயரா இழுத்துடுங்க. கிலோமீட்டருக்கு 7.98 ஓம், 2.2 வோல்ட் இறக்கம் 1.3 ஆகும். என் பேரைப் பாத்துட்டு விளம்பரம்னு நினைக்காதீங்க, 16 ஆம்ப் சாக்கெட்டுக்கு அதுதான் வயர்.

முடிச்சதும் அதே எண்களை மறுபடி எடுத்துப் போடுங்க.

#17 மழைக்கால்

ஜாயிண்ட் புதிது, ஃபேஸ் துண்டும் புதிது. லைன் இப்போதைக்கு அதே ஒன்றரை. சாக்கெட்டில் ராடு ஆஃப் 214, ஆன் 207.5. கரண்ட் 5.78. நியூட்ரல்–எர்த் சாக்கெட்டில் 3.2.

207.5 ÷ 5.78 = 35.9 ஓம். 207.5 × 5.78 = 1199 வாட். முதல் நாள் 214ஐத் தப்பாகப் பெருக்கி வந்த 1198 இப்போது சரியான விடையாகிவிட்டது!

#18 ஆய்வகம்_3

தற்செயல்தான், அதில் எதுவும் தேட வேண்டாம்.

20 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 50க்கு ஏற்ற 20 × 4186 × 22, சுமார் 18,42,000 ஜூல் வேண்டும். 1126 வாட்டில் 27 நிமிடம், 1199இல் 25 நிமிடம் 36 வினாடி. 230 வோல்ட் முழுசாகக் கிடைத்தாலும் 21 நிமிடம். வாளியும் காற்றும் எடுக்கும் சூடு தனி.

#19 மழைக்கால்

மிச்சம் ஒன்றரை நிமிடம்தான் என்றால் அரை மணி நேரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானா?

#20 இரண்டரை_ஸ்கொயர்

ராடுக்கு அவ்வளவுதான். மீதி 214 வோல்டேஜோட கணக்கு, அதுக்கு மனு கொடுக்கணும். இன்னைக்கு ராடு பத்து நிமிஷம் ஓடினப்புறம் ஆஃப் பண்ணி, பிளக்கைக் கழற்றி பின்னைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுன்னு இருந்தா சரி. கை வைக்க முடியலைன்னா சாக்கெட்டுக்குள்ள ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கு. பக்கத்து சாக்கெட்ல எடுத்த அளவுல அது தெரிஞ்சிருக்காது. 0.1 ஓம் தளர்வுன்னாலே 5.78 × 5.78 × 0.1, 3.3 வாட் அந்தச் சின்ன பித்தளையில.